மருந்தால் குணமான முதல் புற்றுநோய்

1931ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் சென்னை திருவல்லிக்கேணியில், கோஷா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வாசல் பலகையில் இப்போது அரசு கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் ஒரு நொடி யோசிப்பார். கோஷா ஆஸ்பத்திரி என்றால் உடனே வண்டியைத் திருப்பிவிடுவார். ஆண் டாக்டர் முன்னால் வர மறுத்து வீட்டிலேயே பிரசவித்து, வீட்டிலேயே இறந்துகொண்டிருந்த பெண்களுக்காக மேரி ஷார்லிப் என்ற டாக்டர் 1885இல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. வில்ஸ் அங்கே ஆராய்ந்தது கர்ப்பகால ரத்தசோகையை. புற்றுநோய் அவர் நினைப்பிலேயே கிடையாது.

ஆனாலும் இந்தக் கதைக்கு நூல் பிடிக்கத் தொடங்கினால் அவரிடம்தான் போய் நிற்கவேண்டியிருக்கிறது. கட்டியாக வளர்ந்து, உடம்பெங்கும் பரவிவிட்ட ஒரு புற்றுநோய், கத்தியும் கதிர்வீச்சும் இல்லாமல் மருந்தால் மட்டுமே குணமானது உலகத்தில் முதன்முறையாக 1956இல். அது கர்ப்பத் திசுவிலிருந்து பெண்களுக்கு வரும், மிக அரிதான ஒரு புற்றுநோய். மார்பகம், நுரையீரல், குடல் என்று லட்சக்கணக்கானவர்களைத் தாக்கும் புற்றுநோய்களுக்கெல்லாம் இல்லாத அந்த முதல் இடம், பெரும்பாலான டாக்டர்கள் தங்கள் தொழில் வாழ்நாளில் ஒன்றிரண்டு முறைகூடப் பார்த்திராத நோய்க்குக் கிடைத்தது.

நோயை முதலில் பார்த்துவிடுவோம். கர்ப்பம் என்று தெரிந்து, வயிறு நாள் கணக்குக்கு மீறிப் பெருத்து, வாந்தி தாங்கமுடியாமல் போய், மூன்றாம் மாதவாக்கில் உதிரம் கசியும். ஸ்கேனில் குழந்தை இருக்காது. கருப்பை முழுக்கத் திராட்சைக் கொத்துப்போல நீர் கோத்த சிறு முத்துகள் மட்டும் இருக்கும். நம் ஊரில் முத்துப்பிள்ளை கர்ப்பம் என்பார்கள். மரபுப்பொருள் இல்லாத வெற்று முட்டைக்குள் ஒரு விந்தணு நுழைந்து, தன் குரோமோசோம்களையே இரட்டித்துக்கொண்டு வளர ஆரம்பிப்பதால் இது உண்டாகிறது. அந்தத் திசுவில் இருப்பதெல்லாம் தகப்பனுடைய மரபணுக்கள்தான் என்று ஜப்பானியர்களான கஜியும் ஓஹாமாவும் 1977இல் காட்டினார்கள். எதையோ பார்த்துப் பயந்ததால் வந்தது, எதையோ தின்றதால் வந்தது என்று அந்தப் பெண்ணைக் குறைசொல்லி வந்த மாமியார்கள் இந்தச் செய்தியைக் கேள்விப்பட்டதாகத் தெரியவில்லை.

முத்துப்பிள்ளையைக் கழுவி எடுத்துவிட்டால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். சிலரிடம் முடிவதில்லை. மிச்சமிருக்கும் திசு கருப்பைச் சுவருக்குள் இறங்கும். அதன் கடைசி, கொடிய வடிவம்தான் கோரியோகார்சினோமா. முத்துப்பிள்ளைக்குப் பிறகு மட்டுமல்ல, கருச்சிதைவுக்குப் பிறகும், ஏன், நல்லபடியாக நடந்த பிரசவத்துக்குப் பிறகும்கூட இது வரலாம். மேற்கு நாடுகளில் சுமார் 40,000 கர்ப்பங்களுக்கு ஒன்று என்று கணக்கு. தென்கிழக்கு ஆசியாவில் அதைவிட அதிகம். நஞ்சுக்கொடியின் வேலையே தாயின் ரத்தக் குழாய்களைத் துளைத்து உணவு தேடுவதுதான். அந்தச் சுபாவம் கட்டுக்கடங்காமல் போனால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ரத்தத்தோடு ரத்தமாக நுரையீரலுக்குப் போகும், மூளைக்குப் போகும், ஈரலுக்குப் போகும், போன இடத்திலெல்லாம் ரத்தப்போக்கை உண்டாக்கும். 1889இல் ஜெர்மானிய மருத்துவர் சேங்கர் இதைத் தனி நோயாக விவரித்தார்; 1895இல் ஃபெலிக்ஸ் மர்ச்சண்ட் என்ற நோயியல் அறிஞர் இது கர்ப்பத் திசுவிலிருந்தே கிளம்புகிறது என்று நிறுவினார். தெரிந்துகொண்டு செய்வதற்கு ஒன்றுமில்லை. கருப்பையை எடுப்பார்கள், அதற்குள் நோய் நுரையீரலில் இருக்கும். அப்படிப் பரவிவிட்ட பெண்களில் பெரும்பாலோர் ஓராண்டைத் தாண்டவில்லை. இருபது, முப்பது வயது. பலருக்கு வீட்டில் கைக்குழந்தை.

இந்தக் கட்டியிடம் ஒரு வினோதம் உண்டு. பிறப்பால் நஞ்சுக்கொடி என்பதால், நஞ்சுக்கொடி சுரக்கும் எச்.சி.ஜி. என்ற ஹார்மோனை இதுவும் சுரந்துகொண்டே இருக்கும். பெர்லினில் அஷ்ஹைம், சோண்டெக் என்ற இருவர் 1927 வாக்கில் ஒரு சோதனையைக் கண்டுபிடித்திருந்தார்கள். பெண்ணின் சிறுநீரை எடுத்து, வயதுக்கு வராத எலிக்குஞ்சுகளுக்கு ஊசியாகப் போடவேண்டும். நாலைந்து நாள் கழித்து எலியை அறுத்துப் பார்த்தால் சூலகம் சிவந்து பெருத்திருக்கும். அப்படியானால் அவள் கர்ப்பம். கோரியோகார்சினோமா நோயாளியின் சிறுநீரோ, தண்ணீர் கலந்து கலந்து மிகவும் நீர்த்துப்போன பிறகும் எலிகளைப் பாதித்தது. உடம்புக்குள் கட்டி எவ்வளவு இருக்கிறது என்பதை வெளியிலிருந்தே அளக்க வழி இருந்த புற்றுநோய் அன்றைக்கு இது ஒன்றுதான் என்று சொல்லலாம். அளக்க முடிந்தது. ஆனால் அளந்து என்ன செய்ய? மருந்து இல்லை.

இப்போது வில்ஸிடம் திரும்புவோம். அவர் 1928இல் பம்பாய்க்கு வந்தது அங்குள்ள நெசவாலைப் பெண்களைக் கர்ப்ப காலத்தில் கொன்றுகொண்டிருந்த ஒருவகை ரத்தசோகையை ஆராய. சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் ஊதிப் பெருத்திருக்கும் சோகை அது. கிருமியா என்று தேடினார், கிடைக்கவில்லை. யாருக்கு வருகிறது, அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். ஏழைகளுக்கே வந்தது, காய்கறி, பழம், பால் எட்டாத வீடுகளுக்கு. 1929இல் சில மாதம் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில், சத்துணவு ஆராய்ச்சியில் பேர்பெற்ற ராபர்ட் மெக்காரிசனிடம் எலிகளை வைத்துக்கொண்டு வேலை செய்தார். பிறகுதான் திருவல்லிக்கேணி. கடைசியில் பலித்தது மார்மைட். பீர் வடித்த பின் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து எடுத்து, வெள்ளைக்காரர்கள் ரொட்டியில் தடவித் தின்னும் கருப்பான உப்புப் பசை. அதைக் கொடுத்ததும் பெண்கள் தேறினார்கள். 1931இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். அந்தப் பசையில் இருக்கும் பொருள் என்ன என்று அவருக்குத் தெரியாது. மற்றவர்கள் அதை வில்ஸ் காரணி என்றார்கள்.

அதைத் தனியாகப் பிரிக்கப் பத்தாண்டு பிடித்தது. டெக்சாஸில் மூன்று பேர் நாலு டன் பசலைக்கீரையை அரைத்து, வடித்து, துளியளவு பொருளைப் பிரித்து, 1941இல் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். நாலு டன் கீரையிலிருந்து துளியளவு என்றால் ஆஸ்பத்திரிக்கு மருந்தாகுமா? ஆய்வுக்கூடத்திலேயே அதைச் செயற்கையாகச் செய்தாக வேண்டும். அதைச் செய்த குழுவுக்குத் தலைவர், அதே திருவல்லிக்கேணியில் இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்.

எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் 1895இல் பிறந்தவர், மர்ச்சண்ட் தன் முடிவை வெளியிட்ட அதே ஆண்டு. மெட்ரிகுலேஷனில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை தேறினார். சாமியாராகப் போகிறேன் என்று ராமகிருஷ்ண மடத்துக்குப் போகப்பார்த்தவரை அம்மா விடவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர்த் துணியில் அறுவை அங்கி போட்டுக்கொண்டு வந்தாராம். அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லையாம். விளைவு, எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பதில் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டம். சென்னை ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூறு சொல்லிக்கொடுத்துவிட்டு, பாஸ்டனுக்குக் கப்பலேறினார். அங்கே மலச்சட்டி கழுவும் இரவு வேலை பார்த்துக்கொண்டு ஹார்வர்டில் ஆராய்ச்சி செய்தார். அவர் பெயரைத் தாங்கிய பாஸ்பரஸ் அளவீட்டு முறை உயிர்வேதியியல் மாணவர்களுக்குப் பரிச்சயம். ஹார்வர்டு நிரந்தர வேலை தரவில்லை. 1940இல் நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரிலிருந்த லெடர்லி மருந்துக் கம்பெனிக்குப் போனார். யானைக்கால் நோய்க்கு நம் ஊரில் வீடு வீடாகக் கொடுத்தார்களே டி.இ.சி. மாத்திரை, அதுவும் அவர் தலைமையிலான அந்தக் கூடத்திலிருந்து வந்ததுதான்.

ஃபோலிக் அமிலத்தில் சுப்பாராவுக்குச் சொந்தக் கணக்கும் இருந்தது. ஸ்ப்ரூ என்கிற, தின்றது உடம்பில் ஒட்டாமல் கரைந்துபோகும் நோயில் அண்ணனைப் பறிகொடுத்தவர் அவர். அவரையும் அந்நோய் தொட்டிருந்தது. அதைத் தீர்க்கும் பொருள் ஈரலிலும் ஈஸ்டிலும் இருக்கிறது என்று நம்பித் தேடினார். 1945இல் லெடர்லி குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்து முடித்தது.

அடுத்து நடந்தது ஒரு பெரும் தவறு. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற நோயியல் மருத்துவர், ரத்தசோகையைத் தீர்க்கும் பொருள் ரத்தப் புற்றையும் சீராக்கலாம் என்று எண்ணி, லூக்கேமியா வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்தார். நோய் நாலுகால் பாய்ச்சலில் ஓடியது. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது. ஆனால் ஃபார்பர் பார்த்ததிலிருந்து சரியான கேள்வியைப் பிடித்துக்கொண்டார்: இந்தச் சத்து புற்றணுக்களுக்குத் தீனி என்றால், தீனியைத் தடுத்தால்? சுப்பாராவின் கூடத்தில் அதற்கான பொருள் ஏற்கெனவே உருவாகிக்கொண்டிருந்தது. டோரிஸ் சீகர் என்ற பெண் வேதியியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் ஃபோலிக் அமிலத்தின் அமைப்பில் ஓரிடத்தில் ஓர் அணுத்தொகுதியை மாற்றி அமினோப்டெரின் என்ற பொருளைச் செய்திருந்தார்கள். அது ஃபோலிக் அமிலத்தின் வேஷம் போட்டுக்கொண்டு உயிரணுவுக்குள் போய், அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்காது. டி.என்.ஏ. செய்யச் சரக்கு இல்லாமல், வேகமாகப் பெருகும் உயிரணு திணறிச் சாகும். ஃபார்பர் 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேர் தேறினார்கள், ஆனால் சில மாதங்களுக்குத்தான். கட்டுரை 1948 ஜூனில் வந்தது. ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார், வயது 53.

அமினோப்டெரினோடு ஒரு மெத்தில் தொகுதியைக் கூட்டினால் வருவது மெத்தோட்ரெக்சேட். நஞ்சு கொஞ்சம் குறைவு, கையாளச் சுலபம். 

வாஷிங்டனை ஒட்டிய பெதஸ்டாவில், தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ராய் ஹெர்ட்ஸ் என்ற ஹார்மோன் நிபுணர் கோழிக்குஞ்சுகளை வைத்துக்கொண்டு வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் குஞ்சின் கருக்குழாய் மளமளவென்று வளரும். கூடவே ஃபோலிக் அமில எதிரியைக் கொடுத்தால் வளர்ச்சி நின்றுவிடும். அவர் இதை 1948இல் எழுதினார். இனப்பெருக்க உறுப்புகள், கரு, நஞ்சுக்கொடி ஆகியவற்றுக்கு ஃபோலிக் அமிலப் பசி மற்ற திசுக்களைவிட மிக அதிகம் என்பது அவருடைய எண்ணம். பம்பாய் நெசவாலைப் பெண்களுக்குக் கர்ப்பத்தில் மட்டும் அந்தச் சோகை முற்றியதும் இதே பசியால்தான். வயிற்றுக்குள் வளர்வது தாயின் இருப்பையெல்லாம் உறிஞ்சிவிடுகிறது. அப்படியானால் நஞ்சுக்கொடியிலிருந்தே பிறந்த புற்றை இந்த மருந்து என்ன செய்யும்?

ஹெர்ட்ஸிடம் 1955இல் வந்து சேர்ந்தவர் மின் சியூ லீ. சீனாவின் முக்டென் நகரத்துக்காரர். 1947இல் படிக்க அமெரிக்கா வந்தார். ஊரில் ஆட்சி மாறியது, திரும்ப முடியவில்லை. ராணுவத்தில் சேர்வதற்கு மாற்றாக அரசு ஆராய்ச்சி வேலையில் சேர்ந்த இளம் டாக்டர்களில் அவர் ஒருவர். அதற்குமுன் நியூயார்க் மெமோரியல் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, வேறொரு புற்றுநோய்க்காரருக்கு மெத்தோட்ரெக்சேட் கொடுத்ததும் சிறுநீரில் எச்.சி.ஜி. போன்ற ஹார்மோனின் அளவு விழுந்ததைக் கவனித்திருந்தார். கட்டி கரையவில்லை, அளவு மட்டும் விழுந்தது. மற்றவர்கள் பார்த்துவிட்டுத் தாண்டிப்போயிருக்கக்கூடிய சமாச்சாரம். லீயின் மனத்தில் அது தங்கிவிட்டது.

1956 ஆகஸ்டில் அவர்களுடைய வார்டுக்கு 24 வயதுப் பெண் ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். கோரியோகார்சினோமா நுரையீரலுக்குப் பரவி, அங்கிருந்த கட்டிகள் வெடித்து, நெஞ்சுக்கூட்டுக்குள் ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு ரத்தம் ஏற்றினாலும் பற்றவில்லை. நெஞ்சில் குழாய் விட்டு, வடிந்த அவளுடைய ரத்தத்தையே பிடித்துத் திரும்ப அவளுக்கு ஏற்றினார்கள். அந்த நிலையில்தான் மெத்தோட்ரெக்சேட் ஊசி போட்டார் லீ. இரவு வீட்டுக்குப் போன டாக்டர்கள் காலையில் அந்தக் கட்டில் காலியாக இருக்கும் என்றே நினைத்தார்கள். காலையில் அவள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். நாட்கள் போகப் போக ரத்தம் வடிவது குறைந்தது. சில சுற்று மருந்துக்குப் பிறகு எக்ஸ்ரே எடுத்தால், நெஞ்சில் வெள்ளை வெள்ளையாக இருந்த கட்டிகளைக் காணோம். லீ, ஹெர்ட்ஸ், அவர்களுடைய சக ஆய்வாளர் ஸ்பென்சர் மூவரும் சேர்ந்து அந்த ஆண்டே சுருக்கமாக ஒரு கட்டுரை எழுதினார்கள். பலர் நம்பவில்லை. எக்ஸ்ரே படங்கள் இரண்டு வெவ்வேறு ஆட்களுடையவையோ என்று சந்தேகப்படத்தக்க வித்தியாசம்.

இந்தச் சிகிச்சை பிறந்த கதை இங்கே முடிந்திருந்தால் இன்னொரு மருந்து வந்த செய்தியாகத்தான் இது நின்றிருக்கும். உண்மையான பிறப்பு இதற்குப் பிறகு, ஒரு தகராறில்.

கட்டி மறைந்துவிட்டது. பெண் நடமாடுகிறாள், சாப்பிடுகிறாள். எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். லீ மட்டும் அவளுடைய சிறுநீரை அளந்துகொண்டிருந்தார். அதில் எச்.சி.ஜி. இன்னும் கொஞ்சம் இருந்தது. குழந்தை இல்லாத உடம்பில் எச்.சி.ஜி. இருந்தால் அதைச் சுரக்கும் புற்றணு எங்கேயோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? ஆகவே மருந்தைத் தொடர்ந்தார். அந்த அளவு அறவே இல்லாமல் போகும்வரை, சுற்றுமேல் சுற்றாகக் கொடுத்தார். நிறுவனத்தின் மேல்மட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. நோயே கண்ணுக்குத் தெரியவில்லை, நீ ஒரு எண்ணுக்கு வைத்தியம் பார்க்கிறாய், மனிதர்கள்மீது பரிசோதனை நடத்துகிறாய் என்றார்கள். நிறுத்தச் சொன்னார்கள். அவர் நிறுத்தவில்லை. வேலை போனது. 1957இல் பெதஸ்டாவை விட்டு வெளியேறி நியூயார்க் திரும்பினார்.

அவரை அனுப்பியவர்களைக் கொடுமைக்காரர்களாக எழுதுவது சுலபம், நான் எழுதமாட்டேன். மெத்தோட்ரெக்சேட் நல்ல அணுக்களையும் கொல்லும். வாயெல்லாம் புண்ணாகி எச்சில்கூட விழுங்கமுடியாது, குடல் உரியும், எலும்பு மஜ்ஜை வறண்டு காய்ச்சலில் ஆள் போய்விடுவதும் உண்டு. நன்றாக நடமாடும் பெண்ணுக்கு அதைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதைப் பார்க்கும் எந்த டாக்டருக்கும் கை நடுங்கத்தான் செய்யும். அவர்களிடம் இல்லாதது கருணையன்று. கண்ணுக்குத் தெரியும் கட்டியைவிட எலியின் உடம்பில் தெரியும் அளவை நம்பலாம் என்ற துணிச்சல்தான். வழக்கைத் தீர்த்தது காலம். எக்ஸ்ரே சுத்தமானதும் மருந்து நிறுத்தப்பட்டவர்களிடம் நோய் திரும்பியது. அளவு பூஜ்யமாகும்வரை மருந்து பெற்ற பெண்களிடம் திரும்பவில்லை.

ஹெர்ட்ஸ் அதே இடத்தில் வேலையைத் தொடர்ந்தார். ஐந்தாண்டு அனுபவத்தை 1961இல் வெளியிட்டபோது, நோய் பரவிய நிலையில் சிகிச்சை பெற்ற 63 பெண்களில் ஏறத்தாழ பாதிப்பேர் முற்றிலும் நோய் நீங்கியிருந்தார்கள். அதற்கு ஐந்து ஆண்டு முன்னால் அப்படிப்பட்ட பெண்களில் யாருமே பிழைப்பது அபூர்வம். மெத்தோட்ரெக்சேட்டுக்கு மசியாதவர்களுக்கு ஆக்டினோமைசின்-டி என்ற மருந்து கைகொடுத்தது. 1972இல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது புற்றுநோய் மருந்து சிகிச்சையின் முன்னோடிகள் பலருக்குச் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. ஹெர்ட்ஸும் லீயும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். லீ அதற்குப் பின் எட்டே ஆண்டுதான் இருந்தார்.

அதே 1972இல் பெதஸ்டாவிலிருந்து இன்னொன்றும் பிறந்தது. பூஜ்யம்வரை போகவேண்டும் என்று லீ சொல்லிவிட்டார், ஆனால் பூஜ்யத்தை அளப்பது எப்படி? எல்லாப் பெண்ணின் உடம்பிலும் மாதாமாதம் சுரக்கும் எல்.எச். என்ற ஹார்மோன், அமைப்பில் எச்.சி.ஜி.யின் இரட்டைப்பிறவி. அளவு குறையக் குறைய எது எது என்று பிரித்தறிய முடியாமல் போனது. எச்.சி.ஜி.யில் இரண்டு துண்டுகள் உண்டு. ஒன்று பொது, பீட்டா என்ற மற்றது தனித்துவமானது. அந்தப் பீட்டாவை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருளை உருவாக்கினார்கள் ஜூடித் வைடுகைட்டிஸ், கிளென் பிரான்ஸ்டைன், கிரிஃப் ராஸ் மூவரும். கோரியோகார்சினோமாப் பெண்களின் உடம்பில் கடைசிச் சில புற்றணுக்களைத் தேடுவதற்காகச் செய்த வேலை. அவ்வளவு நுட்பமான சோதனை, நாள் தள்ளிப்போன சில நாட்களிலேயே கர்ப்பத்தையும் காட்டிக்கொடுத்தது. எழுபதுகளின் கடைசியில் அமெரிக்கக் கடைகளில் வீட்டிலேயே செய்துகொள்ளும் கர்ப்பச் சோதனைப் பெட்டி வந்தது. இன்று நம் தெருமுனை மருந்துக் கடையில் ஐம்பது, அறுபது ரூபாய்க்கு வாங்கி, மூன்று சொட்டு விட்டு, இரண்டு கோடு வருகிறதா என்று குளியலறையில் நின்று பார்க்கிற அட்டைக்கு மூதாதை அது. எலிகளுக்கும் விடுதலை.

மருந்து அமெரிக்காவில் பிறந்தாலும், பிழைப்போர் கணக்கு உச்சத்தைத் தொட்டது பிரிட்டனில். காரணம் புதிய மருந்தில் இல்லை, தபாலில் இருக்கிறது. அரிய நோய்க்கு உள்ள பெரிய சாபம், எந்த டாக்டருக்கும் அதில் கை பழகாது என்பது. லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையின் கென்னத் பேக்ஷா இதைப் புரிந்துகொண்டார். 1973 முதல் நாட்டில் எங்கே முத்துப்பிள்ளை கர்ப்பம் கண்டுபிடிக்கப்பட்டாலும் அந்தப் பெண்ணின் பெயரைப் பதிவுசெய்யும் ஏற்பாடு வந்தது. லண்டன், ஷெஃபீல்ட், டன்டீ என்று மூன்றே மையங்கள். பெண் தன் ஊரிலேயே இருப்பாள். குறித்த நாளில் சிறுநீரையோ ரத்தத்தையோ பெட்டியில் வைத்துத் தபாலில் அனுப்புவாள். அளவு இறங்கினால் நிம்மதி. மூன்று வாரம் ஒரே இடத்தில் நின்றாலோ, இரண்டு வாரம் தொடர்ந்து ஏறினாலோ கூப்பிட்டு மருந்தைத் தொடங்குவார்கள். சதை வெட்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்காமலே கீமோதெரபி தொடங்கும் மிகச் சில புற்றுநோய்களில் இது ஒன்று. வெட்டினால் ரத்தம் நிற்காது என்பது ஒரு காரணம். எண்ணே போதும் என்பது இன்னொன்று. வயது, முந்தைய கர்ப்பம் எது, அதிலிருந்து எத்தனை மாதம், எச்.சி.ஜி. எவ்வளவு, எங்கெங்கே பரவியது என்று மதிப்பெண் போடும் முறையையும் பேக்ஷாதான் 1976இல் கொண்டுவந்தார். அதன் வழிவந்த இன்றைய அட்டவணையில் 6 வரை என்றால் குறைந்த ஆபத்து. அவர்களில் ஏறக்குறைய 100 விழுக்காடும் பிழைக்கிறார்கள். 7ஓ அதற்கு மேலோ போனால் ஐந்து மருந்துகளைக் கலந்து கொடுக்கும் கடுமையான சிகிச்சை. அவர்களிலும் தேர்ந்த மையங்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் பிழைக்கிறார்கள். கருப்பை அப்படியே இருக்கிறது. பலர் ஓராண்டு பொறுத்து மறுபடி கர்ப்பமாகிப் பிள்ளை பெற்றுக்கொள்கிறார்கள்.

ஏன் இந்தப் புற்று மட்டும் இப்படிப் பணிந்தது? ஃபோலிக் அமிலப் பசி ஒன்று. பாதியோ முழுதோ கணவனின் மரபணுக்களைச் சுமப்பதால் தாயின் எதிர்ப்புச் சக்திக்கு இது அந்நியமாகத் தெரிகிறது என்பது இன்னொன்று. மருந்து கேட்காத 15 பெண்களுக்குப் பிரெஞ்சு மருத்துவர்கள் எதிர்ப்புச் சக்தியின் தடையை விலக்கும் அவெலுமாப் என்ற மருந்தை மட்டும் கொடுத்துப் பார்த்ததில் 8 பேருக்கு அளவு சரியாகிவிட்டது. 2020இல் வந்த முடிவு. ஆனாலும் இதே குடும்பத்தில் நஞ்சுக்கொடி பதியும் இடத்திலிருந்து கிளம்பும் இன்னும் அரிதான கட்டி ஒன்று இருக்கிறது. அது எச்.சி.ஜி.யைச் சொற்பமாகவே சுரக்கும். மெத்தோட்ரெக்சேட்டுக்கு அவ்வளவாக அசையாது. முந்தைய கர்ப்பத்துக்கு 48 மாதம் கழித்து அது தலைகாட்டினால் பிழைப்பது கடினம். அங்கே மறுபடி கத்திதான்.

குறைந்த ஆபத்துள்ள பெண்ணுக்கு இன்று பல நாடுகளில் கொடுப்பது 1, 3, 5, 7ஆம் நாட்களில் மெத்தோட்ரெக்சேட் ஊசி; 2, 4, 6, 8ஆம் நாட்களில் நல்ல அணுக்களைக் காப்பாற்ற ஃபோலினிக் அமிலம். இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று. எச்.சி.ஜி. சாதாரண அளவுக்கு வந்த பிறகும் நிறுத்துவதில்லை. அதற்குமேல் மூன்று சுற்று, ஆறு வாரம். லீயை வேலையை விட்டுத் துரத்திய அந்தக் கூடுதல் ஊசிகள்தான் இவை.

நம் ஊரில் சிக்கல் இதற்கு முந்தைய கட்டத்தில். முத்துப்பிள்ளையைக் கழுவி எடுத்ததும் பெண்ணை அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். வாரம் ஒருமுறை ரத்தச் சோதனை, சாதாரண அளவுக்கு இறங்கிய பிறகு சில மாதம் மாதமொருமுறை, அதுவரை அடுத்த கர்ப்பம் வேண்டாம் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கும். இரண்டு வாரம் வருவார்கள். மூன்றாம் வாரம் பஸ் செலவு, கூலி வேலை, உறவுக்காரர் கல்யாணம். “எல்லாம் எடுத்தாச்சுன்னு நீங்கதானே டாக்டரம்மா சொன்னீங்க, நல்லாத்தான் இருக்கா, அப்புறம் எதுக்கு ரத்தம்?” என்று கேட்பார்கள். முழுமையான முத்துப்பிள்ளை கர்ப்பம் வந்த 100 பேரில் சுமார் 15 பேருக்கு அளவு இறங்காமல் நின்றுவிடும். அந்த 15 பேரும் அப்போது பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருப்பார்கள்.